கயிறு பிடித்தவள்

25.2.98, புதன். விபூதிப் புதன்.

காலைப் பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு அப்படியே கோயில் மருந்தகத்துக்குப் போனோம். சிஸ்டர் பெனிஞ்ஞா என் வீட்டுக்காரருடைய கணுக்காலில் பெருவிரலை வைத்து அமுக்கி எடுத்தார்கள். விரல் பதிந்த இடம் பிசைந்த மாவில் பதிந்தது போலக் குழியாகவே நின்றது.

"இதயம் ஒரு பம்பு மாதிரி, செலஸ்தீனம்மா. இவங்களுக்கு அது தேஞ்சுபோச்சு. இறைக்காத தண்ணி காலுக்கும் வருது, நெஞ்சுக்கும் போகுது."

மாத்திரையை மாற்றித் தந்தார்கள். உப்பு கூடாது, கருவாடு கூடவே கூடாது. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போதுதான் அந்தச் சங்கதியைச் சொன்னேன். மதியம் இவர் தூங்கும்போது மூச்சு ஒரு தினுசாக வருகிறது. முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக, பிறகு படியேறி வந்தவர் போல இரைக்க இரைக்க. அப்புறம் அதே மாதிரி படியிறங்கிச் சின்னதாகி, நின்றுவிடுகிறது. ஒன்றுமே இல்லை. நெஞ்சு ஏறாது, இறங்காது. நான் எழுந்து தொடப் போகும்போது மறுபடி சின்னதாகத் தொடங்கும்.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"அந்த நிக்கிற நேரம் எவ்வளவு இருக்கும்?"

எங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு நொடி முள் இல்லை. "அருள்நிறை மந்திரம் சொல்லி எண்ணுவேன் சிஸ்டர். எங்க அண்ணன் அப்படித்தான் எண்ணும்" என்றேன். அவர்கள் மதுரைப் பக்கம், விளங்கவில்லை. இவர் இருபத்திரண்டு வருஷம் சங்கு குளித்தவர் என்பதையும், வள்ளத்தில் இருந்து இவருக்குக் கயிறு பிடித்தவர் என் கூடப்பிறந்த அண்ணன் இன்னாசி என்பதையும் சொன்னேன். எங்கள் கரையில் குளிப்பவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிப்பான். தங்கச்சி தாலியறுக்க அண்ணன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. ஆள் முங்கியதும் அண்ணன் 'அருள்நிறை மரியே வாழ்க' என்று மாதா மந்திரத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். ஏழாவது முடிந்தால், கீழேயிருந்து ஆள் அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் கயிற்றை இழுத்துவிடுவார்.

சிஸ்டர் சிரித்தார்கள். என்னை ஒரு அருள்நிறை சொல்லச் சொல்லித் தன் வாட்சைப் பார்த்தார்கள். "பத்து செகண்டு. நல்லா சொல்றீங்க." பிறகு என் நோட்டை வாங்கி அவர்கள் கையாலேயே எழுதினார்கள்: *மூன்று அருள்நிறை வந்தால் உடனே கூட்டி வரவும்.*

வரும் வழியில் இவர் மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது இடத்தில் சொன்னார்: "மூணு வந்தா மறுபேச்சு இல்லாம ஆஸ்பத்திரிக்கு வாறேன். வராம நீ அந்தப் பேச்சையே எடுக்கப்படாது. போன தடவ அந்தக் கட்டில்ல பத்து நாள் கெடந்ததே போதும்."

"சரி."

"இனிமே நீதான்டி எனக்குக் கயிறு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் இவர் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தேன்.

மதியம் மூச்சு நின்ற நேரத்தை எண்ணினேன், படுக்கத் தேவைப்பட்ட தலையணையையும். இரண்டு. தலையணை இரண்டு.

26.2.98

இரண்டு. தலையணை இரண்டு. கஞ்சியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். பச்சை மாங்காய் ஒரு கீற்று வைத்தேன், குடித்தார்.

28.2.98, சனி

கோயில் பீடத்துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டுக் காயவைத்தேன். வெயில் நல்ல வெயில். மதியம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து துணியின் ஓரம் தைத்துக்கொண்டே எண்ணினேன். இரண்டும், மூன்றாவதில் இயேசுவின் பெயர் வரையும். அதாவது இரண்டரை. ஊசி கையில் குத்தி, பீடத்துணியில் ஒரு பொட்டு இரத்தம். மறுபடி அலச வேண்டியதாயிற்று.

மூச்சு நிற்கும்போது இவர் முகம் எப்படி ஆகிறது என்று எழுதத் தெரியவில்லை. வேதனை இல்லை. எங்கேயோ கீழே கவனமாக எதையோ தேடுகிற முகம்.

1.3.98, தவக்காலம் முதல் ஞாயிறு

இன்று பாதர் பிரசங்கத்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டார். "செபமாலை சொல்றீங்களா, இல்ல பஸ்ஸுக்கு ஓடுறீங்களா? நீங்க ஆமென் சொல்லும்போது மாதா இன்னும் முதல் வார்த்தையிலயே நிக்கிறாங்க. ஓடி ஓடிச் சொல்ற செபம் இந்தக் கூரையைத் தாண்டாது." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து நான் சொல்வது செபமா, எண்ணிக்கையா? மாதாவை நாழிகைக் கடிகாரம் மாதிரி அல்லவா வைத்திருக்கிறேன்.

இந்தத் தவக்காலத்துக்கு நேர்ச்சை: ஒவ்வொரு சொல்லையும் பொருள் நினைத்து, முழுசாகச் சொல்வது. இவருடைய சுகத்துக்காக ஒப்புக்கொடுத்திருக்கிறேன்.

2.3.98

ஒன்றே முக்கால்! தலையணை இரண்டு.

5.3.98, வியாழன்

ஒன்றரை. எழுந்ததும் வழக்கம் போல "எத்தனை?" என்றார். சொன்னேன். "பாத்தியா, உப்பில்லாத கஞ்சிக்குப் பயந்தே நெஞ்சு சரியாயிட்டு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததில் இவருக்கு இருமல் வந்து, அடங்க வெகுநேரம் ஆனது.

இரவில் இரண்டு தலையணை தாழ்வாக இருக்கிறதாம். மூன்றாவதாக என்னுடையதைக் கொடுத்தேன்.

மருந்தகத்துக்கு மாத்திரை வாங்கப் போனேன். சிஸ்டர் தியானத்துக்கும், அப்புறம் ஏதோ படிப்புக்கும் போயிருக்கிறார்கள், மாதக் கடைசியில்தான் வருவார்களாம். மாத்திரை கொடுக்கும் பெண்ணிடம் என் நோட்டைக் காட்டினேன். "குறைஞ்சிருக்கே, நல்லதுதானே மாமி" என்றாள்.

9.3.98

ஒன்றேகால். தலையணை மூன்று. இவருடைய ரப்பர் செருப்பு நுழையவில்லை. வெயிலில் கிடந்து சுருங்கியிருக்கும்.

11.3.98, புதன்

இன்று ஒரு சங்கதி. இவர் மூச்சு நின்றிருந்தபோது சன்னல் வழியே தெருக்குழாய் தெரிந்தது. எதிர்வீட்டு ஜெசிந்தா வெறுங்குடத்தை வைத்தாள். நான் ஒரு அருள்நிறை சொல்லி முடிப்பதற்குள் குடம் நிறைந்து, வழிந்து, தூக்கி இடுப்பில் வைத்துப் போயும் விட்டாள். மாசிக் கோடையிலும் குழாயில் இவ்வளவு வேகம். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

14.3.98, சனி

ஒன்று.

நோட்டில் அந்த ஒற்றைக் கோட்டைப் போடும்போது கண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஒரு அருள்நிறை. அதிலும் கடைசியில் 'எங்கள் மரண நேரத்திலும்' என்று மரணம் என்ற சொல் வருவதற்குள் மூச்சு திரும்பிவிட்டது. இந்த வாரம் முழுவதும் அப்படித்தான், அந்தச் சொல்லுக்கு முன்னாலேயே திரும்பிவிடுகிறது. அந்தச் சொல்லை நான் விட்டுவிடுகிறேன் என்று இல்லை. அதற்கு முந்திய இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், அவ்வளவுதான். பாதர் பொருளை நினைத்துச் சொல்லத்தானே சொன்னார்.

இவர் பேச்சில் இப்போது நடுநடுவே நிறுத்தம் வருகிறது. "இவளே, அந்தத் தண்ணிய" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "எடு" என்கிறார். வயசும் அறுபத்தாறு ஆகிறது.

16.3.98

ஒன்று. தலையணை நான்கு. நாலாவதுக்குப் பீடத்துணி மூட்டையை வைத்தேன். மாதா கோபிக்கமாட்டார்கள்.

19.3.98, வியாழன். சூசையப்பர் திருநாள்

ஒன்றுக்கும் குறைவு. நன்றிக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன். கோயில் வாசலில் ஜெசிந்தா, "மாமாவுக்கு உதடு என்ன நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். சன்னல் நிழலாக இருக்கும் என்றேன். இவள் ஒருத்தி, எதையாவது சொல்லிப் பயமுறுத்துவாள்.

சூசையப்பர் நல்மரணத்துக்குப் பாதுகாவலர். அவரிடம் அதை நான் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னேன்.

22.3.98, ஞாயிறு

பூசைக்கு நான் மட்டும் போனேன். குளிப்பாட்டி விடும்போது கால் முழுக்க முழங்கால் வரை பளபளவென்றிருந்தது. துடைக்கத் துடைக்க என் விரல்கள் பதிந்த குழிகள் அப்படியே நின்றன. என் கையை அடையாளம் வைத்தது போல இருந்தது. அவை நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ண வேண்டும் போல வாய் முணுமுணுத்தது. எண்ணவில்லை.

மதியம் எண்ணிக்கை ஒன்று. மூன்றுக்கு இன்னும் இரண்டு இருக்கிறது.

24.3.98

படுக்கவே முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, முன்னால் ஸ்டூலில் தலையணை வைத்து அதில் கவிழ்ந்து தூங்குகிறார். தூக்கத்தில் திடீரென்று நீருக்கடியிலிருந்து எழும்பியவர் போல வாயைப் பிளந்து இழுத்துக்கொண்டு விழிக்கிறார். "எத்தனை?" என்றார். "ஒண்ணுதான்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி. நீ சொன்னா சரி" என்றார்.

26.3.98

ஒன்று. ஒன்று. ஒன்று.

27.3.98, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு இன்னாசி அண்ணன் மணப்பாட்டிலிருந்து வந்தார். வலைப்பையில் நொங்கு. வாசலிலேயே நின்று, நாற்காலியில் இருந்த இவரைப் பார்த்தார்.

"என்ன மச்சான், சங்கு விழுங்கின மாதிரி ஊதிப்போய் இருக்கீரு?"

"உம்ம தங்கச்சி... சோறு... அப்படி" என்றார் இவர்.

அண்ணன் சிரித்தார். என் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை.

சிலுவைப்பாதைக்குப் போக வேண்டும், சாப்பாட்டை முடித்துவிடலாம் என்று சொன்னேன். இவர் நொங்கு ஒரு துண்டு தின்றார். இரண்டு மணிக்கு ஸ்டூலில் கவிழ்ந்து தூங்கினார். அண்ணன் எதிரே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நான் செபமாலையை எடுத்தேன்.

மூச்சு ஏறியது, இரைத்தது, இறங்கியது, நின்றது. நான் தொடங்கினேன். அண்ணன் உதடும் அசைவதைப் பார்த்தேன். கடலில் இருபத்திரண்டு வருஷம் அசைந்த உதடு. அவருடைய இரண்டு கையும் மடியில் எதையோ பிடித்திருப்பது போல மூடியிருந்தன.

மூச்சு திரும்பியது. அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை?" என்றார்.

"ஒண்ணு."

"என்ன ஒண்ணு?"

"ஒரு அருள்நிறை. மூணு வந்தாத்தான் ஆஸ்பத்திரி. முன்னால ரெண்டு இருந்தது அண்ணே, நேர்ச்சைக்குப் பிறகு குறைஞ்சிட்டு."

"ஏ பிள்ள, நான் நாலு சொல்லிட்டேன். நாலு முடிஞ்சு அஞ்சாவது பாதி."

"நீங்க அவசரமா ஓட்டுவிய. பாதர் சொன்னாரு..."

"எங்க, நீ சொல்லு பாப்போம். இப்ப இங்க வச்சு சத்தமா சொல்லு."

சொன்னேன். நான் சொல்லும் வழக்கப்படிதான் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் தலை குனிந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் நினைத்து. அந்தச் சொல் வருமிடத்தில் நின்றேன். அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. நிமிர்ந்தபோது அண்ணன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இப்படிச் சொல்லிக்கிட்டு நான் கயிறு பிடிச்சிருந்தா, இந்த மனுசன் முதல் வருசமே பொணமா மெதந்திருப்பாருடி." சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "கயிறு பிடிக்கிறவன் செபிக்க மாட்டான் பிள்ள. எண்ணுவான். செபிக்கிறதுக்கு ஆள் மேல வந்த பிறகு நேரம் கெடக்கு."

அதற்குப் பிறகு அவர் வேன் கொண்டுவர ஓடினார். நான் நோட்டை எடுத்தேன். சிஸ்டர் எழுதிய வரியைப் பார்த்தேன். அதற்குக் கீழே என் கோடுகள். ஒவ்வொன்றும் எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. ஜெசிந்தாவின் குடம் நினைவு வந்தது. அவ்வளவு நேரம் இவர் கீழே இருந்திருக்கிறார். நான் மேலே குனிந்த தலையோடு இருந்திருக்கிறேன்.

28.3.98, டவுன் ஆஸ்பத்திரி

ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். சின்ன வயசு டாக்டர் கட்டில் பக்கம் நின்று வாட்சைப் பார்த்து எண்ணினார். "நாப்பத்தஞ்சு செகண்டு. ரெண்டு வாரம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா, வீட்ல யாரும் கவனிக்கலியா?"

"நான் கவனிச்சேன்" என்றேன். தினமும் எழுதினேன் என்று வாய் வரை வந்தது. நோட்டு என் மடியில்தான் இருந்தது.

29.3.98, ஞாயிறு

ஊசி போட்டதில் உடம்பிலிருந்து நிறைய நீர் இறங்கியிருக்கிறது. காலையில் இவருக்கு நல்ல தெளிவு. அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

"இங்க பாருங்க. நான் மெதுவாச் சொல்லிட்டேன். மூணு எப்பவோ வந்துட்டு. நான்தான்..."

இவர் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ இழுத்து இழுத்துச் சொன்னது... கேக்கும். தூங்கிக்கிட்டே... கேட்டுக்கிட்டு கெடப்பேன். சொகமா இருந்துச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆஸ்பத்திரிக்கு வர... எனக்குத்தான் பிரியமில்ல. அதான் சும்மா இருந்தேன். நீ ஒண்ணும்... நெனைக்காத."

நான் முகமூடியைச் சரியாக வைத்துவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, ஒரு அரைமணி நேரம்.

இப்போது எழுதும்போது நினைவு வருகிறது. கல்யாணமான புதுசில் கேட்டிருக்கிறேன், "மேல அண்ணன் மந்திரம் சொல்லுறது உங்களுக்குக் கீழ கேக்குமா?" என்று. "கிறுக்கி, முங்கினவனுக்கு என்ன கேக்கும்? காதுல சொந்த ரத்தம் ஓடுற சத்தம்தான் கேக்கும்" என்றார்.

31.3.98

வேகமாகச் சொல்லிப் பழகுகிறேன். வார்டு நர்சு தன் வாட்சை இரவல் தந்தாள். பத்து நொடி. பத்து. ஒன்பது. பத்து. பத்து.

5.4.98, குருத்து ஞாயிறு

வியாழக்கிழமை நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

ஏப்ரல் இரண்டு, மதியம் மூன்று மணிக்குச் சில நிமிடம் இருந்தது. இயேசு உயிர்விட்ட மணி என்று வார்டில் யாரோ செபம் தொடங்கினார்கள். இவர் மூச்சு ஏறி, இரைத்து, படியிறங்கி, நின்றது. நான் தலைமாட்டில். அண்ணன் கால்மாட்டில். இரண்டு பேரும் தொடங்கினோம். ஓடி ஓடிச் சொன்னோம், ஒரு சொல்லையும் விடாமல், ஒரு சொல்லிலும் நிற்காமல். மரணம் என்ற சொல்லை எல்லாச் சொல்லையும் போலவே தாண்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. டாக்டரைக் கூப்பிட ஆள் ஓடியது. நான்கு. ஐந்து. ஆறு.

ஏழு முடிந்தபோது அண்ணனின் இரண்டு கையும் தாமாகவே இவர் கால்மேல் கிடந்த போர்வையைப் பற்றின. இழுத்தார். கை மாற்றிக் கை மாற்றி, முழுப் பலத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். போர்வை முழுவதும் அவர் மார்புக்கு வந்துவிட்டது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் நிறுத்தவில்லை. சிஸ்டர் பெனிஞ்ஞா செய்தி கேட்டு வந்து என் கையிலிருந்து செபமாலையைப் பிரித்து எடுக்கும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு.

6.4.98

சிஸ்டர் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். "நீங்க ஒரு நாள்கூட விடலியே அம்மா" என்று மட்டும் சொன்னார்கள். தன் வாட்சைக் கழற்றி என் கையில் வைத்து, என்ன நினைத்தார்களோ, மறுபடி எடுத்துக்கொண்டார்கள்.

2.5.98, சனி. முப்பதாம் நாள் பூசை

பீடத்துணி வெளுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு இரத்தப் பொட்டு இன்னும் போகவில்லை. மடிப்புக்குள் வைத்துவிட்டேன்.

மாதாவுக்குரிய மே மாதம் தொடங்கிவிட்டதால் பூசைக்குப் பின் எல்லோரும் சேர்ந்து செபமாலை. எனக்கு இப்போது மெதுவாகச் சொல்ல வரவில்லை. முயன்று பார்த்தேன். நாக்கு ஓடுகிறது. எல்லோரும் பாதி வழியில் இருக்கும்போது நான் ஆமென் சொல்லி முடித்துவிடுகிறேன். முன்வரிசையில் ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். பாதரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

நான் முடித்த பிறகு அவர்கள் முடிக்கும் வரை கொஞ்சம் நேரம் இருக்கிறது. செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் இருக்கிறது. ஐந்து நொடி, ஆறு நொடி. வாயை மூடிக்கொண்டு, கையில் அடுத்த மணியைப் பிடித்துக்கொண்டு, அந்த நேரம் முழுவதும் காது கொடுத்துக் கேட்கிறேன். எந்தச் சின்ன மூச்சானாலும் எனக்குத் தெரிந்துவிடும்.